ஆரத்திச் சிவப்பு

டெல்லி கரோல் பாகில் மூன்றாம் மாடி வாடகை வீடொன்றில் குடியிருந்த கஸ்தூரிரங்கன், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தர். பகல் முழுதும் அவருக்கு வாய்த்தது கருநீல மை ஒன்றே. பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது. சிவப்பு மை தணிக்கைக்காரர்களுக்கு. எழுத்தர்கள் அவற்றைத் தொடுவது அந்த அலுவலகத்தில் வழக்கமில்லை. அதனால்தானோ என்னவோ, மாலையில் வீடு திரும்பிக் காபி குடித்ததும் அவர் கை வண்ணங்களைத் தேடிற்று.

அவர் வைத்திருந்தது மையில் தொட்டு எழுதும் கூர்முனைப் பேனா. அழுத்தினால் நிப்பின் இரு கால்களும் விரிந்து கோடு தடிக்கும். கையைத் தளர்த்தினால் மயிரிழையாகும். கடையில் விற்ற வண்ண மைகள் அந்த நிப்புக்கு மிகவும் நீர்த்தவை; தடித்த கோடுகளில் குளமாகத் தேங்கின. ஆகவே போஸ்டர் வண்ணத்தில் கருவேலம்பிசினைக் கரைத்துத் தாமே மை கூட்டினார். பிசின் மிகுந்தால் மை நிப்பைவிட்டு இறங்காது. குறைந்தால் காய்ந்த பின்னும் விரலோடு வந்துவிடும். மே மாத அனல்காற்றில் ஒரு பெயரை முடிப்பதற்குள் நிப் உலர்ந்தது. குளிர்காலத்து உதட்டு வெடிப்புக்கென மனைவி வைதேஹி வாங்கிவைத்திருந்த கிளிசரினில் ஒரு சொட்டை மையில் விட்டுப் பார்த்தார், எழுத்து ஓடிற்று. அதே மை மழைக்காலத்தில் காயவே இல்லை. ரசத்துக்குக்கூட இத்தனை பக்குவம் பார்ப்பவர் இல்லை என்பது வைதேஹியின் கருத்து.

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில் மகள் ஜெயலட்சுமிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. சம்பந்தி சேஷன் ஜனக்புரிவாசி, வங்கியில் பணிபுரிந்தவர், எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே வாங்கிக்கொள்ளும் இயல்பினர். நிச்சயதார்த்தத்தன்று கஸ்தூரிரங்கனின் எழுத்தை யாரோ புகழப்போக, தம் உறவினர்களுக்கான அழைப்பிதழ் உறைகளிலும் அவரே பெயர் எழுதித் தரவேண்டும் என்று சேஷன் கேட்டுக்கொண்டார். டெல்லியிலேயே பிறந்த இளையவர்கள் பலருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்றும் சொன்னார். உறைகள் பத்திரிகையோடு சேர்த்து அச்சாகி அளவாக வந்தவை. கூடுதலாக ஒன்றுகூட இல்லை.

எந்த மையில் எழுதுவது? கறுப்பு, துக்கச் செய்தியின் நிறம். கருநீலம், கோப்புகளின் நிறம். மங்கலமாக ஒரு சிவப்பு வேண்டும் என்று யோசித்தவருக்கு ஆரத்தித் தட்டு நினைவுக்கு வந்தது. மஞ்சள்பொடியையும் சுண்ணாம்பையும் நீரில் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, பிசின் சேர்த்தார். நிப்பிலிருந்து அது இறங்கிய அழகை அதற்குமுன் எந்த மையிலும் அவர் கண்டதில்லை. ஒரே மாலையில் எல்லா உறைகளையும் எழுதி, உலரவைத்து, இரும்பு பீரோவில் அடுக்கிப் பூட்டினார்.

உறைகளைப் பெற்றுக்கொள்ள சேஷன் ஞாயிறு மாலை வருவதாக ஏற்பாடு. அன்று காலை பீரோவைத் திறந்தபோது பெயர்களில் சிவப்பே இல்லை. துவைத்த வேட்டியில் தங்கிய பழைய சாம்பார்க் கறைபோல் ஒரு வெளிர்மஞ்சள் மட்டும் எஞ்சியிருந்தது. ஆரத்தி நீரை எவரும் மறுநாள்வரை வைத்திருந்து பார்ப்பதில்லை; சுற்றிய கையோடு வாசலில் கொட்டிவிடுகிறோம். அந்தச் சிவப்புக்கு ஆயுள் எவ்வளவு என்பது அவருக்கும் தெரியாது, அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கஸ்தூரிரங்கன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேட்ட ஒரு காரியத்தைக்கூடச் செய்யத் தெரியாத குடும்பம் என்ற பேச்சு, மகளோடு சேர்ந்தே அந்த வீட்டுக்குள் போகும் என்பதுதான் அவர் கவலை. ஓர் உறையில் சுண்ணாம்புத் தெளிவைத் தூரிகையால் தடவிப் பார்த்தார். சிவப்பு திரும்பியது, ஆனால் மயிரிழைகள் எல்லாம் ஊறிப் பரவின. ஜெயலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, இந்தி கலந்த தன் டெல்லிப் பேச்சில், "அச்சா, இதுவும் நாளைக்கு மஞ்சளாயிடுமேப்பா" என்றாள்.

வைதேஹி மற்றோர் உறையை ஜன்னலருகே கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தாள்.

"ஏன்னா, நிறம்தானே போயிருக்கு? எழுத்து அப்படியே இருக்கே. மேலேயே எழுதுங்கோளேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போஸ்டர் சிவப்பைக் கரைத்தார். ஈரக்காற்று வீசியதால் கிளிசரின் சேர்க்கவில்லை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்பதை மஞ்சள் கோடே காட்டிக்கொடுத்தது. ஊறிப்போன அந்த ஓர் உறைக்கு உரியவரை நேரில் போய் அழைப்பது என்று வைதேஹி தீர்மானித்தாள். மற்றவை பிற்பகலுக்குள் முடிந்து, மின்விசிறிக்கு எட்டாத தூரத்தில், கட்டில் நெடுகிலும் உலர்ந்தன.

மாலையில் சேஷன் வந்தார். காபியை ஆறவிட்டு, முதல் உறையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பிறகு கட்டைவிரலால் எழுத்தின் மேல் ஒரு தேய்ப்பு. விரலில் எதுவும் ஒட்டவில்லை.

"ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரத்துல மஞ்சளா ஒரு இழை ஓடறதே. எப்படிப் பண்ணினீர்?"

கை சற்றே விலகிய இடங்களில் பழைய மஞ்சள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கஸ்தூரிரங்கன் ஒன்றையும் மறைக்காமல் ஆரத்தியிலிருந்து அன்று பிற்பகல்வரை நடந்ததைச் சொன்னார். மூலைகளில் தடவ மஞ்சள் கிண்ணத்தோடு வந்த வைதேஹி, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

சேஷன் முழுவதையும் கேட்டார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"எல்லாரும் பத்திரிகைக்கு நாலு மூலையிலதான் மஞ்சள் தடவுவா. நீர் எங்காத்து மனுஷா பேருக்கே தடவிக் கொடுத்திருக்கீர். உள்ளே வாங்கோம்மா, எதுக்கு அங்கேயே நிக்கறேள்?"

ஆறிய காபியை வைதேஹி எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். சேஷன் அதை ரசித்துக் குடித்தார்.

அதன்பிறகு கஸ்தூரிரங்கன் பீர்க்கங்கொடிச் சாற்றிலும், மாதுளைத் தோலிலும், இன்னும் எத்தனையோ பொருள்களிலும் மை கூட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதி, அடுப்பங்கரைக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுவார். இனி யாருக்கு எழுதிக் கொடுத்தாலும், ஒரு மாதம் நிறம் நின்ற மைக்கே உறையைத் தொடும் உரிமை. நிறம் நின்றதா என்று தினமும் பார்த்துச் சொல்லும் பொறுப்பை வைதேஹி எடுத்துக்கொண்டாள்.