கும்மிக்கு மூச்சு வேண்டும்

வள்ளி கும்மிப் பயிற்சி தொடங்கிய நான்காம் நாள் பாப்பாயியை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய ஆசிரியர் மோகன்குமார் கெட்ட மனுஷர் இல்லை. இரண்டாவது பாட்டிலேயே அவள் முட்டியில் கையூன்றி, வாயைத் திறந்துகொண்டு காற்றைத் தேடியதைப் பார்த்துப் பயந்துபோனார்.

“அக்கா, நீங்க உக்காந்து பாருங்க. அரங்கேற்றத்தன்னிக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நாங்க என்ன பண்றதுங்க?”

உட்கார்ந்து பார்ப்பதற்கா நெசவூரான இளம்பிள்ளையிலிருந்து குழுவுக்கென்று மொத்தமாக வரவழைத்த மயில்கழுத்து நிறச் சேலைக்குப் பெயர் கொடுத்திருந்தாள்? ஐம்பத்து நான்கு வயதில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். வீடு வரும் வழியெல்லாம் அழுதாள். அழுததில் இருமல் வந்தது. இருமல் வந்ததும் அழக்கூட மூச்சில்லை.

சேந்தமங்கலம் பக்கத்தில் அவர்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. இருபத்திரண்டு வருஷமாகத் தீவனம் அரைப்பது பாப்பாயிதான். மக்காச்சோளம், தவிடு, கருவாட்டுத் தூள் எல்லாம் மில்லில் விழுந்து கிளம்பும் புழுதிக்குள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு நிற்பாள். “அவ கலந்தாத்தான் கோழி ஒழுங்கா முட்ட வெக்கும்” என்று கணவர் சின்னண்ணன் ஊரெல்லாம் பெருமை பேசுவார். அந்தப் பெருமைதான் அவள் நெஞ்சில் படிந்துகொண்டிருந்தது என்பது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நுரையீரல் டாக்டர் ஊதவைத்துப் பார்த்து, நாள்பட்ட அடைப்பு நோய் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருந்தார். பாப்பாயிக்கு அது ‘பம்பு’. பம்பு வைத்தவள் என்றால் ஊரில் பாதி உயிர் போனவள் என்று அர்த்தம். அதனால் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்த் திருட்டுத்தனமாக இழுப்பாள். அதுவும் நினைத்தால்தான்.

கும்மியில் நிறுத்திய வாரமே நாமக்கல்லில் ஆயுர்வேத டாக்டர் தனப்பிரியாவிடம் போனாள். “போன நுரையீரல் திரும்பி வராதுங்கம்மா. இருக்கிறத வெச்சு நல்லா வாழலாம்” என்றாள் அந்தப் பெண், பூசி மெழுகாமல். மருந்து எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்கே வந்து தீவன அறையை எட்டிப் பார்த்தாள்.

“எங்க சாஸ்திரத்துல மொத வைத்தியமே, நோவு எதனால வந்துச்சோ அத உட்டு ஒதுங்கறதுதானுங்க. அம்மா இனிமே இந்த ரூமுக்குள்ள காலெடுத்து வெக்கக் கூடாது.”

“அப்பறம் தீவனம் ஆரு அரைக்கிறது?” என்றார் சின்னண்ணன்.

“நீங்கதான். மாஸ்க் போட்டுக்கிட்டு அரைங்க.”

சொந்தப் பண்ணையில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. மறுநாள் வீம்புக்கு மாஸ்க் இல்லாமலே உள்ளே போனார். அரை மணி நேரத்தில் தலை, புருவமெல்லாம் மாவாக வெளியே வந்து, வேப்பமரத்தடியில் குந்தி இருமினார். இருமல் அடங்கியதும் மனைவியையே பார்த்தார். “இதுக்குள்ளயா புள்ள இத்தன வருசம் நின்ன?” பாப்பாயிக்குக் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது உள்ளே வந்து பார்த்திருக்கலாமே!

பிறகு மருந்து. ஆடாதோடையும் கண்டங்கத்திரியும் திப்பிலியும் போட்ட கஷாயம், படுக்கப் போகும்போது லேகியம். இந்துப்பு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்து ஒற்றடம். குடிக்க வெந்நீர். பத்தியமும் உண்டு: தயிர் கூடாது, ஐஸ் தண்ணீர் கூடாது, பொழுது சாய்ந்தபின் பழம் கூடாது. இரண்டு மாதத்தில் சளி இளகி, படுத்துத் தூங்க முடிந்தது.

அங்கேதான் அவள் கெட்டாள். பத்தியம் என்றால் அரைகுறையாக இருக்கக்கூடாது என்பது அவள் வளர்ந்த முறை. டாக்டர் சொல்லாத ஒன்றையும் தானாகவே பட்டியலில் சேர்த்துக்கொண்டாள். நாட்டு மருந்து சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று பம்பைத் தூக்கிப் பரணில் போட்டாள். ஐப்பசி மழையில், குளிர்காற்று அடித்த மூன்றாம் நாள், உதடு நீலம் பாரித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாலு நாள் ஆக்சிஜன்.

பார்க்க வந்த தனப்பிரியாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கலக்கம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

“பம்ப நிறுத்துங்கன்னு நான் எப்பங்க சொன்னேன்? நான் குடுக்கற மருந்து அதுக்குத் தொணைங்க, போட்டியில்ல. ஃபேர்லேண்ட்ஸ் டாக்டரக் கேக்காம அத நிறுத்தவே கூடாது.”

“பத்தியம்னு நெனச்சுட்டேன் சாமி.”

“நல்ல பத்தியம் போங்க!”

இதற்குமேல் திட்ட அவளாலும் முடியவில்லை, சிரித்துவிட்டாள். ஃபேர்லேண்ட்ஸ் டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டு, தான் கொடுக்கும் மருந்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கார்த்திகையிலிருந்து மூச்சுப் பயிற்சி. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு பங்கு நேரம் விடவேண்டும். கோழிக் கொட்டகை ஓரமாக அப்படியே நடை. முதல் வாரம் பாதிக் கொட்டகைதான் முடிந்தது. பாப்பாயி சும்மா நடப்பவளா? மூச்சை விடும்போது கும்மிப் பாட்டில் ஒரு அடி, இழுக்கும்போது ஒரு கைத்தட்டு என்று அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். தை பிறந்தபோது கொட்டகையை எட்டுச் சுற்று, பாட்டு அறாமல் சுற்றினாள். ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்த தனப்பிரியா, எண்ணை நம்பாமல் இன்னொருமுறை மாட்டிப் பார்த்தாள்.

மாசியில் அடுத்த கும்மிக் குழு சேர்ந்தது. இரண்டு டாக்டர்களின் சம்மதத்தோடு போய் நின்றவளைப் பார்த்து மோகன்குமார் தயங்கினார். “பாட்டு முடியற வரைக்கும் நிக்காம ஆடுனேன்னா சேத்துக்கங்க தம்பி” என்றாள். ஐந்து பாட்டு முடியும்வரை நிற்காமல் ஆடினாள். சேர்த்துக்கொண்டார்.

பங்குனியில் அரங்கேற்றம். சாயங்காலம் கோயில் திடலில் இருநூற்று நாற்பது பெண்கள், சுற்றிலும் மூன்று ஊர் ஜனம். பாதி ஆட்டத்தில் நெஞ்சு இறுகுவது தெரிந்தது. வரிசையை விட்டு ஒளிய இடமில்லை, ஒளியவும் அவளுக்கு மனமில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவே, விளக்கு வெளிச்சத்தில், அத்தனை பேரும் பார்க்க, இடுப்பிலிருந்து பம்பை எடுத்து இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, பிறகு வெளியே விட்டாள். யாரோ “அய்யோ” என்றார்கள். அடுத்த பாட்டுக்கு முதல் கைத்தட்டு அவளுடையது.

கடைசிப் பாட்டு எல்லாவற்றிலும் வேகமானது. பக்கத்தில் ஆடிய சிறுபெண்கள் இரண்டு பேர் விலகி உட்கார்ந்தார்கள். பாப்பாயி விலகவில்லை. தாளம் நின்றபோது நெற்றி வேர்வை கண்ணில் இறங்க, சிரித்துக்கொண்டு நின்றாள். சின்னண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். கையில் வெந்நீர் பிளாஸ்க்.

“போதும் புள்ள, உக்காரு. ஊட்டுக்குப் போலாம்.”

“செத்த இருங்க மாமா, இன்னும் மூச்சு மிச்சமிருக்குது” என்று தலையை நிமிர்த்தி, திடலே திரும்பிப் பார்க்கும்படி நீளமாக ஒரு குலவை போட்டாள்.