முதல் பாடம் அவிழ்ப்பது

இந்த ஊரில் பழைய செய்தித்தாளைக்கூடச் சும்மா தூக்கிப் போட முடியாது. அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டுக் கட்டி, அதற்கென்று குறித்த நாளில் தெருமுனையில் வைக்க வேண்டும். ஒசாகாவுக்கு வந்த புதிதில் நான் வைத்த கட்டைப் பக்கத்து வீட்டம்மாள் குனிந்து வெகுநேரம் நோண்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னாள். முடிச்சைப் பாராட்டுகிறாள் என்று நானும் பெருமையாகத் தலையாட்டினேன். ராஜபாளையத்தில் மில்லில் கோன் வைண்டிங்கில், நூலைச் சுற்றுகிற பிரிவில், ஆறு வருடம் நின்றவள் நான். அறுந்த நூலை முடிந்தால் அது உயிர் போனாலும் அவிழக் கூடாது என்று பழகிய கை. இங்கே முடிச்சு ஒரு முனையை இழுத்ததும் அவிழ வேண்டுமாம். அதைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். மாதம் இரண்டு கழிந்துதான் எனக்குப் புரிந்தது.

என் வீட்டுக்காரர் முருகேசனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். நூற்பு மெஷின் ஃபிட்டராக இருந்தவரைக் கம்பெனி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே அனுப்பியது. ஞாயிறு மத்தியானமானால் கிளாஸ் என்று கிளம்பிவிடுவார். ஜப்பான் மொழி படிக்கிறார் என்றுதான் இருந்தேன். இரண்டு மாதம் படித்த மனுஷனுக்குக் கடையில் உப்பு கேட்டு வாங்கத் தெரியவில்லை. எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். ஒரு நாள் அவர் பையைத் துழாவினேன். இரண்டு சுருள் சணல் கயிறு, ஆஸ்பத்திரியில் கட்டு வெட்டுவதுபோல முனை மழுங்கிய கத்திரிக்கோல், ஒரு நோட்டு. நோட்டில் ஒரு கையின் படம் வரைந்து நரம்பு ஓடும் இடத்தையெல்லாம் சிவப்பு மையில் குறித்திருந்தார். ஆளைக் கட்டிப்போட்டுக் கொள்ளையடிக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டாரா, இல்லை கட்டிப்போட வேண்டிய ஆளே நான்தானா? பையை இருந்தபடியே மூடிவைத்தேன்.

கயிற்றைக் கண்டால் எனக்குப் புத்தி அப்படித்தான் போகும். எண்பத்தாறில், எனக்கு இருபத்தொரு வயது இருக்கும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மம்சாபுரத்துக்காரர் ஒருவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். என் மில்லில் வேலை செய்தவர். பேசியது போனஸ் பற்றி. என் அண்ணன் தங்கராசு அதைப் பார்த்துவிட்டான். மறுநாள் காலையில் என் கைகளை ஜன்னல் கம்பியோடு சேர்த்து, நூல் மூட்டை கட்டுகிற கயிற்றால் கட்டினான். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நின்றேன். அம்மா காபியைக் கொண்டுவந்து வாயில் வைத்தாள். முடிச்சைத் தொடவில்லை. "வலிக்காடி?" என்று கேட்டாள். "ஒன்னுமில்லம்மா" என்றேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அந்தப் பதிலைத்தான் சொல்ல வேண்டும். அவிழ்த்த பிறகு இடது பெருவிரலின் புறப்பக்கம் மரத்தது மரத்ததுதான். பெண் பார்க்க வந்தவர்களிடம், மணிக்கட்டில் விழுந்த தழும்புக்கு மில்லில் அடிபட்டது என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரரிடம் நானும் அதையே சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

அடுத்த ஞாயிறு அவருக்குத் தெரியாமல் ரயிலில் பின்தொடர்ந்தேன். பாய் விற்கிற கடைக்கு மேலே மாடி. உள்ளே நாலைந்து ஜோடிகள். நல்ல உடுப்போடு, டியூஷனுக்கு வந்தவர்கள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் இவருக்கு முகம் வெளிறிவிட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க டீச்சரம்மா நானும் படிக்க வந்தவள் என்று நினைத்து, ஒரு தாளை நீட்டினார். மனித உடம்பின் படம். பழைய காயம், மரத்துப்போன இடம் இருந்தால் குறிக்க வேண்டுமாம். ஒன்றும் குறிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

இவர் என்னைச் சுவரோரம் உட்காரவைத்துத் தணிந்த குரலில் சொன்னார். இதற்குப் பெயர் ஷிபாரியாம். ஒருவர் இன்னொருவரைக் கயிற்றால் கட்டுவது. புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கிற அந்தரங்க விளையாட்டாகவும் செய்வார்களாம். கூட வேலை பார்ப்பவர் அழைத்துவந்தாராம். "ஒன்னக் கட்டிப் பாக்கணும்னு எனக்கு ஆசதான். கேக்கத்தான் தைரியம் வரல. இம்புட்டு நாளும் தலகாணியத்தான் கட்டிப் பழகுனேன்" என்றார். எனக்கு ஆத்திரமும் வந்தது, தலகாணியை நினைத்துச் சிரிப்பும் வந்தது. ஆனாலும் நம்பவில்லை. கட்டுகிறவன் வாயில் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும்.

அந்த வகுப்பின் முறையே வேறாக இருந்தது. முதல் மாதம் முழுக்க அவிழ்க்கத்தான் சொல்லிக் கொடுப்பார்களாம். கத்திரிக்கோல் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். கட்டப்பட்டவரைத் தனியே விட்டு நகரக் கூடாது. நிறுத்து என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்க வேண்டும். "தாய்ஜோபு" என்று, அதாவது பரவாயில்லை என்று மட்டும் பதில் சொன்னால் டீச்சரம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கே இறுக்குகிறது, எந்த விரல் குளிர்கிறது என்று சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, விரல்களைத் தொட்டு, எதைத் தொடுகிறேன் என்று கேட்பார். என்னிடமும் வந்தார். வலது கைக்குச் சரியாகச் சொன்னேன். பிறகு சத்தமே இல்லை. நெடுநேரம் கண்ணை மூடியே காத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் அவர் என் இடது பெருவிரலின் புறத்தை அழுத்திக்கொண்டிருந்தார். இவர் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சரம்மா சைகையும் அரைகுறை இங்கிலீஷுமாகக் கேட்டதை இவர்தான் தமிழில் சொன்னார். கட்டியதால் வந்ததா என்று கேட்கிறாராம், மில்லில் அடிபட்டது என்று சொல்லிவிடட்டுமா என்று என்னைக் கேட்டார்.

"மில்லுல இல்ல. எங்கண்ணன் கட்டுனான்" என்றேன்.

இவர் தன் கையிலிருந்த கயிற்றைப் பைக்குள் வைத்தார். மறுவாரம் இனி போகவில்லை என்றார். போகலாம், ஆனால் முதலில் நான்தான் கட்டுவேன் என்றேன். சரி என்று இரண்டு கையையும் நீட்டினார். வகுப்பில் வைத்துத்தான் கட்டினேன், மில் முடிச்சே போட்டேன். அவர் விரல் குளிர்கிறது என்றதும் அவிழ்க்கப் பார்த்தால் நகம்தான் ஒடிந்தது. டீச்சரம்மா வந்து ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தார். கயிறு இன்னொன்று வாங்கலாம் என்றார், திட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கயிற்றை இவ்வளவு சுலபமாக வெட்டலாம் என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

இவர் என்னைக் கட்டியது அதற்கு எத்தனையோ மாதம் கழித்து. நான் கேட்டுத்தான். அதற்கு மேல் உங்களுக்கு எதற்கு?

தொண்ணூற்றாறில் ஊருக்குப் போனேன். ராஜபாளையம் வீட்டு ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். புறப்படுகிற அன்று அப்பளம், பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாம் வைத்த அட்டைப்பெட்டியை அண்ணனே கட்டினான். "சரசு, முடிச்சு மேல வெரல வையி" என்றான். இடது பெருவிரலை வைத்தேன். அதன்மேல் கயிற்றைப் போட்டு இறுக்கினான்.

"வலிக்கா?"

ஒன்னுமில்ல என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியலண்ணே. நீ ஜன்னல்ல கட்டுன நாள்ல இருந்து அந்த எடத்துல எனக்கு உணர்ச்சி கெடையாது."

அவன் நிமிரவில்லை. கயிற்றைத் தளர்த்தி என் விரலை எடுத்துவிட்டான். கார் வந்துவிட்டது, நீ போயி ஏறு, பெட்டி பின்னால வரும் என்றான். நான் ஏறிவிட்டேன்.

ஒசாகாவில் பெட்டியைத் தரையில் வைத்து, கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு வேலையே இல்லை. ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற மாதிரி முடிந்திருந்தான். மனது கேட்காமல் செய்தானா, காருக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் செய்தானா? எனக்கு இன்னமும் சந்தேகம்தான். இடது பெருவிரலால் அந்த முனையைப் பிடித்து இழுத்தேன். பெட்டி திறந்தது, வீடெல்லாம் ஊறுகாய் வாசனை. கயிறு விரலை உரசிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.