அத்தையின் சீமை அட்டைகள்

எனக்கு எட்டு வயதானபோது அம்மாவை காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அப்பா என்னைச் சிம்மக்கல்லில் இருந்த மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார். அவருக்குத் தூத்துக்குடியில் வேலை. மாதம் ஒருமுறை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, அப்படியே என்னையும் பார்த்துவிட்டுப் போவார். ஆஸ்பத்திரிக்குள் சிறுபிள்ளைகளை விடமாட்டார்கள். ஆனால் அடுத்த மாதம் விடுவார்கள் என்று மாதாமாதம் எனக்குச் சொல்லப்பட்டது.

மாமாவுக்கு வெங்காய மண்டி. விடியும்போது போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை. அத்தை அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டில் அவர் பேசுவதைக் கேட்கவும் ஆள் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முழுப் பரீட்சை லீவு வந்தது. தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். தெருப் பிள்ளைகள் எல்லோரும் போய் ராட்டினம் சுற்றிவிட்டு, முகத்தைவிடப் பெரிய அப்பளம் தின்றுவிட்டு வந்து கதை சொன்னார்கள். என்னைக் கூட்டிப்போக யாருக்கும் நேரமில்லை. ஒரு மத்தியானம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது அத்தை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

"பொருட்காட்சிதான பாக்கணும்? எந்திரி."

மஞ்சள் துணியில் சுற்றிய பன்னிரண்டு தபால் அட்டைகள். அத்தையின் தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சமையல்காரராகக் கப்பலேறிப் போனவர். லண்டனில் பல தேசங்கள் கூடி நடத்திய பெரிய பொருட்காட்சியைப் பார்த்து, அந்த அட்டைகளை வாங்கி வந்திருக்கிறார். ஒன்றின் பின்பக்கத்திலும் ஒரு எழுத்துகூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவருக்கு எழுதத் தெரியாதுல்ல," என்றார் அத்தை.

எல்லாம் வெள்ளை மாளிகைகள். நாயக்கர் மகாலை ஏழெட்டாக்கி ஒரு குளத்தைச் சுற்றி நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. குளத்தில் குடை பிடித்த பெண்கள் படகில் போனார்கள். இரண்டு இரும்புக் கைகள் ஆட்களைக் கூண்டோடு வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மத்தியானமும் நாங்கள் அதற்குள் போய் வீடு பார்த்தோம்.

"இந்த மாடி எனக்கு. ஒங்கம்மாவுக்குக் கீழ் வீடு. படி ஏறுனா மூச்சு வாங்கும்ல. தண்ணிக் காத்து நல்லா வரும்."

"அது இப்பவும் இருக்கா அத்தை?"

"இல்லாம எங்க போகப் போகுது? அம்புட்டும் கல்லுக் கட்டடம்."

அவையெல்லாம் சாந்து பூசி நிறுத்திய தற்காலிகக் கட்டடங்கள், பிறகு இடித்துவிட்டார்கள் என்று கல்லூரிக்குப் போன காலத்தில் படித்தேன். அத்தையிடம் சொல்லவில்லை.

தண்ணிக் காற்று என்று அவர் சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. அத்தை குளிக்கப் போயிருந்தபோது படகு போகும் அட்டையை எடுத்தேன். 'அம்மா, இங்கே உனக்கு வீடு பார்த்தாச்சு. சீக்கிரம் வா' என்று பென்சிலால் எழுதி, அப்பா எழுதி வைத்துப் போயிருந்த ஆஸ்பத்திரி விலாசத்தையும் பார்த்து எழுதினேன். தெருமுனைப் பெட்டியில் எக்கிப் போட்டுவிட்டு வந்தேன். தபால்தலை ஒட்டவேண்டும் என்று தெரியாது.

அன்று மத்தியானம் துணியைப் பிரித்தபோது பதினொரு அட்டைகள்தான் இருந்தன. அத்தை என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அதை அப்படியே நம்பிவிட்டார். பெட்டியைக் கவிழ்த்தார், பாய்களை உதறினார், அரிசிப் பானைக்குள் கூடக் கைவிட்டுப் பார்த்தார். இரவு மாமா சாப்பிட உட்கார்ந்தபோது அவரிடமும் கேட்டார்.

"பழைய அட்டைக்கா இம்புட்டு அலப்பறை? விடுவியா," என்றார் மாமா.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு ரசம் ஊற்றினார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

மாதக் கடைசியில் அப்பா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்தார். நான் தபால்தலை இல்லாமல் அனுப்பிய அட்டையை அம்மா அபராதம் கட்டி வாங்கி, தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாளாம். வார்டில் எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்க்கிறார்களாம். இரண்டு வாரமாக நன்றாகச் சாப்பிடுகிறாளாம்.

அத்தை என்னைப் பார்த்தார். உள்ளே போனார், மஞ்சள் துணி மூட்டையோடு திரும்பி வந்தார்.

"அண்ணே, இதையும் அவுககிட்ட குடுத்துருங்க."

அப்பா கையை நீட்டவில்லை. "அங்க உள்ள போன சாமானை வெளிய விடமாட்டாகம்மா. எரிச்சுப்புடுவாக."

"தெரியும்ணே. குடுங்க."

அதன்பிறகு மத்தியானங்களில் அத்தை தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். திட்டாததால் அந்தப் பக்கமே போகாமல், கூடத்தில் சுவரோரமாகப் படுத்துக் கிடந்தேன். ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கமாக அந்தக் கோடையைக் கழித்தோம்.

ஆடி பிறந்ததும் அம்மா மெலிந்துபோய்த் திரும்பி வந்தாள். அட்டைகள் வரவில்லை. என்னை அழைத்துப்போக அப்பா வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்தியிருந்தார். சொல்லிக்கொண்டு வரச் சொன்னார்கள் என்று அத்தையின் அறை வரைக்கும் போனேன். கை பட்டதும் கதவு விரலளவு உள்ளே நகர்ந்தது. தாழ் போடவில்லை. அத்தனை மத்தியானங்களும் அது எனக்காக அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றோ, தாழ் போட மறந்திருப்பார் என்று நினைத்து, சத்தம் வராமல் அதை இழுத்துச் சாத்திவிட்டு ரிக்‌ஷாவுக்கு ஓடினேன்.