ஆடி மாசக் கல்யாணமும் ஒரு வரிசை தள்ளிய போட்டோவும்

பழைய இணையதளத்தில் இருக்கும் விவரங்களைப் புது இணையதளத்துக்கு ஏற்றுவதும், ஏறும்போது தாறுமாறாகிப் போனதைச் சரிசெய்வதும்தான் என் பிழைப்பு. புதுக்கோட்டையில் ஒரு மெடிக்கல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளியைத் தவிர நானும் ஆரோக்கியமும் மட்டும்தான். வாடிக்கையாளர் எக்செல் ஷீட்டில் விவரம் கொடுப்பார். மென்பொருள் அதைப் படித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கமாகப் போட்டுவிடும். அதாவது, போட்டுவிட வேண்டும். அந்த "வேண்டும்"தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. எக்செல்லோடு மல்லுக்கட்டி மத்தியானச் சாப்பாட்டை மறந்தவர் யாராவது உங்களில் இருந்தால், நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

புது ரகம்

ஆலங்குடிப் பக்கம் முருகேசன் என்பவர் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். தென்னங்கன்று, முந்திரிக்கன்று, ஒட்டு மா எல்லாம் கிடைக்கும். அவருடைய பட்டியலைப் பல வருடங்களுக்கு முன்னால் யாரோ பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். அதில் பார்வைக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. புது இணையதளத்துக்கு அந்த எழுத்துரு தெரியாது. அதனால் "தென்னை" என்று இருக்க வேண்டிய இடத்தில் என், ஜே, டி, ஒரு அரைப்புள்ளி, ஐ, டி என்று வந்து நின்றது. முந்திரியின் நிலைமை அதைவிட மோசம்.

திட்டு வாங்கத் தயாராக அவருக்குப் போன் செய்தேன். சாயங்காலத்துக்குள் மாற்றிவிடுகிறேன் என்றேன். எங்கள் பக்கம் கன்று ரகங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான் பெயர் என்பது அப்போது என் ஞாபகத்தில் இல்லை. முருகேசன் நிதானமாகச் சொன்னார்: "அவசரமில்லைங்க. காலைலேர்ந்து மூணு பேரு போன் போட்டு, அந்த 'என்ஜேடி' கன்னு இருக்கான்னு கேட்டுட்டாங்க. இந்த ஏரியாவுல நம்மகிட்ட மட்டும்தான் கெடைக்குதாம்."

ஆடியில் மேளம்

இலுப்பூரில் ராஜேந்திரன் அண்ணனுக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு. எந்தத் தேதிக்கு மண்டபம் காலி என்று ஊரார் இணையத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று கேட்டார். அவர் நம் எல்லோரையும் போல நாளை முதலில் எழுதி, மாதத்தை அடுத்து எழுதியிருந்தார். மென்பொருள் அமெரிக்காவில் பிறந்தது. அதற்கு மாதம்தான் முதலில். எட்டாம் தேதி ஆறாம் மாதத்தை, எட்டாம் மாதம் ஆறாம் தேதி என்று படித்துக்கொண்டது; வைகாசிக் கல்யாணம் ஆடிக்குப் போய்விட்டது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதிகளை மாதமாக்க முடியாததால் அவை மட்டும் சரியாக ஏறின. ஆரோக்கியம் சரிபார்த்ததும் அவற்றைத்தான்.

அண்ணனிடமிருந்து போன் வந்தது. வைகாசிக் கடைசி முகூர்த்தமெல்லாம் காலி என்று காட்டுகிறதாம். அதைப் பார்த்து நம்பிய டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டாராம். அதே நாளுக்கு மண்டபம் ஏற்கெனவே வேறொரு குடும்பத்துக்குப் பேசியாகிவிட்டது. பத்திரிகை அச்சாவது புதுக்கோட்டையில், எங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். டைல்ஸ் கடைக்காரர் அச்சகத்தில் நின்று புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் ஓட ஆரம்பிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சிவந்தது. நான் செல்போனிலேயே அண்ணன் கொடுத்த ஷீட்டைத் திறந்து சரியான தேதிகளைத் தேடிக் காட்டினேன். அதே வாரத்தில் இன்னொரு முகூர்த்தம் நிஜமாகவே காலியாக இருந்தது. அவர் ஜோசியருக்குப் போன் போட்டார். ஜோசியர், இதுதான் முன்னதைவிட நல்ல நாள் என்றுவிட்டார்.

அன்றைக்கே தேதிகளையெல்லாம் நிமிர்த்தி, ஆடியில் ஏதாவது கல்யாணம் ஏறினால் திரை சிவப்பாக மாறும்படி ஒரு வேலையும் செய்து வைத்தோம். ராஜேந்திரன் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டார்: "ஆடியில எவனும் கல்யாணம் வைக்க மாட்டான்னு ஒங்க கம்ப்யூட்டருக்கு இப்பத்தான் தெரியுமாங்க?"

எல்லா நம்பரும் என் நம்பர்

மாவட்டத்தில் இருக்கும் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், சமையல்காரர், நாதஸ்வரக்காரர் இவர்களையெல்லாம் ஒரே இடத்தில் தேடுவதற்கு ஒரு இணையதளம். சோதித்துப் பார்க்க ஆரோக்கியம் என் செல் நம்பரைப் போட்டு வைத்திருந்தார். விவரம் ஏறும்போது எங்கெல்லாம் போன் நம்பர் புரியவில்லையோ, அங்கெல்லாம் மென்பொருள் என்னுடையதை நிரப்பிவிட்டது. ஒரே காலையில் நான் கொத்தனாராகவும், பந்தல்காரராகவும், வளைகாப்புக்கு வளையல் அடுக்குகிறவளாகவும் ஆனேன்.

நார்த்தாமலையிலிருந்து ஒரு விவசாயி பேசினார். அவர் என்னை விளக்கம் சொல்லவே விடவில்லை. "மோட்டாரு உம்முனு சத்தம் மட்டும் போடுது, சுத்த மாட்டேங்குது. கடலைச் செடி வாடுதுங்க" என்றார். குரலில் இருந்த தவிப்பைக் கேட்டபின் போனை வைக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டு மோட்டார் ஒரு தடவை அதே மாதிரி உறுமியபோது கண்டன்சர் மாற்றினார்கள். "கண்டன்சரா இருக்கும், மொதல்ல கரெண்டை நிறுத்திட்டு, தெரிஞ்ச எலெக்ட்ரீஷியனை வெச்சுப் பாருங்க" என்று சொல்லி, சரியான மெக்கானிக் நம்பர் ஒன்றையும் தேடிக் கொடுத்தேன். மறுநாள் மறுபடியும் அவரே கூப்பிட்டார்: "நீங்க சொன்னதுதாங்க. தண்ணி பாயுது. இங்கிட்டு இன்னும் நாலு கெணத்துல மோட்டாரு மக்கர் பண்ணுது, எப்ப வாரீங்க?"

ஒரு வரிசை தள்ளி

சகாயமேரி அக்கா கல்யாணத் தகவல் மையம் நடத்துகிறார். அவருடைய பழைய தளத்திலிருந்து ஆட்களின் விவரம் தனியாகவும் போட்டோக்கள் தனியாகவும் வந்தன. தலைப்பு வரியையும் ஒரு ஆள் என்று மென்பொருள் எண்ணிக்கொண்டதால், எல்லாப் போட்டோவும் ஒரு ஆள் தள்ளிப் போய் உட்கார்ந்தது. நாங்கள் கவனிப்பதற்குள் ஆலங்குடியில் ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டார். அவருடைய மகன் அந்தோணி குவைத்தில் ஏசி மெக்கானிக். அம்மாவுக்கு விவரம் பிடித்திருந்தது: பெண் நர்ஸ், மாதா கோயில் பாடல் குழுவில் பாடுகிறாள். மகனுக்குப் போட்டோ பிடித்திருந்தது. பெண் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்று அக்கா சொன்னார். பிரச்சினை என்னவென்றால், விவரம் ஸ்டெல்லாவுடையது, போட்டோ ஜெனிபருடையது.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீ வந்து சொல்லு" என்று அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு ஆலங்குடி பஸ் ஏறினார். அந்த அம்மா வீட்டில் காபி டம்ளர்களை வரிசையாக வைத்து, ஒன்றைத் தள்ளி வைத்தால் மற்றதெல்லாம் எப்படி நகரும் என்று காட்டினேன். அம்மா டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாங்க இத்தனை நாளா ஆசைப்பட்டது ஒலகத்துலயே இல்லாத பொண்ணையா?" என்றார். வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணி தயங்கித் தயங்கி, "போட்டோவுல இருந்தவங்க யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். அக்கா அங்கேயே ஜெனிபருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். ஜெனிபர் சிரித்துவிட்டு, "போட்டோவைப் பாத்தாச்சுல்ல, இப்ப என் விவரத்தைப் படிக்கச் சொல்லுங்கக்கா. படிச்சப்பறமும் புடிச்சிருந்தா பேசலாம்" என்றார்.

விவரத்தில், டீச்சர் வேலையை விடமாட்டேன், அப்பாவை விட்டு வெளிநாடு வரமாட்டேன் என்று எழுதியிருந்தது. அந்தோணி படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: உங்கள் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் ஏசி சர்வீஸ் கடை இருக்கிறதா? இல்லை என்று பதில் வந்தது. அவர் குவைத்திலிருந்து மூட்டை கட்டினார். ஸ்டெல்லாவுக்கும் அதற்குள் வேறு நல்ல இடம் அமைந்துவிட்டது. கல்யாணத்தன்று கோயிலில் ஸ்டெல்லாவின் குழுதான் பாடியது; அந்தோணியின் அம்மா நேரில் போய்க் கேட்டு வரவழைத்திருந்தார். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "பாட்டு அவளோடது, பொண்ணு இவ. நீங்க தப்பா ஏத்துனதுல ஒண்ணுமே வீணாப் போகலைம்மா."

எங்கள் வேலை சரியாக முடிந்தால் ஒருவரும் போன் செய்ய மாட்டார்கள் என்பதால், இந்த மாவட்டத்தில் எனக்கு இவ்வளவு பேரைத் தெரியும் என்று நான் ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.