இரண்டு பெட்டியும் ஒரே சத்தத்தில்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கோவிந்தாபுரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஏழு பேர் கூடுவோம். பாட்டுக் கேட்பதற்கு. வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரி. மார்பளவு உயரமான ஸ்பீக்கர்கள் வைத்திருப்பவர். ஏழு பேரில் பெண் நான் ஒருத்தி. கோவையில் ஒரு நாளிதழில் முதலில் பிழை திருத்தினேன், பிறகு செய்தி திருத்தினேன். வேலையை விட்டபின் பெருமாட்டி என்ற ஊரில் கணவரின் தென்னந்தோப்பு வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுதத் தெரிந்தவள் என்பதால், புதிதாக எதைக் கேட்டாலும் குழுவின் வாட்ஸ்அப்பில் குறிப்பு எழுதும் வேலை என்னுடையது. பெருமாட்டியில் பாட்டைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் கிடையாது.

போன கோடையில் வியாபாரியின் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு டேக் கொண்டுவந்தார். கணினியிலும் போனிலும் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. அந்த எண்களை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் மின் அலையாக மாற்றும் பெட்டிதான் டேக். என்னுடையது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. வந்தது செங்கல் அளவு, செங்கல்லைவிடக் கனம். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். ஏழு பேரும் பெரிய பெட்டியின் பக்கம். அன்று மதியமே எழுதினேன்: பாடுபவரின் குரல் ஓரடி முன்னால் வந்து நிற்கிறது, மிருதங்கத்தில் விழுவது விரலா உள்ளங்கையா என்று தெரிகிறது. நல்ல குறிப்பு என்று நானே நினைத்துக்கொண்டேன். பொள்ளாச்சி வரை அதை அனுப்பினார்கள்.

குழுவில் இளையவர் மீனாட்சிபுரத்துக்காரர். ஐந்து மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவர். என் குறிப்பைப் படித்துவிட்டு, ஒரு சினை மாட்டை விற்று அதே பெட்டியை வாங்கப்போவதாகச் சொன்னார். வியாழக்கிழமை மாட்டை ஏற்ற வண்டி வரும். வியாபாரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆற அமரக் கேளுங்கள் என்று பெட்டியை ஒரு வாரத்துக்கு என்னிடம் கொடுத்தனுப்பினார்.

திங்கட்கிழமை மாலை அதை மாட்டிப் பாட்டுப் போட்டேன். கணவர் வாசலில் சொட்டுநீர்க் குழாய்க்கு அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாட்டு என்பது வீட்டில் ஓடும் இன்னொரு மோட்டார்.

"ஏன் இன்னிக்குச் சத்தம் சாஸ்தியா இருக்குது?" என்று கேட்டார்.

நான் ஒலியைக் கூட்டவே இல்லை. சின்னப் பெட்டிக்கு மாற்றினேன். இப்போது சரி என்றார்.

இரண்டு புகைப்படங்களில் எது நல்லது என்று பார்க்கும்போது, இரண்டையும் ஒரே அளவில் மேசைமேல் வைக்க வேண்டும். ஒன்று பெரிதாக இருந்தால் கண் அதன் மேலேயே போய் நிற்கும். நாளிதழில் முதல் மாதமே கற்றுக்கொண்ட இதைக் கோவிந்தாபுரத்தில் மறந்திருந்தேன். மோட்டார் ஸ்டார்ட்டரைப் பார்ப்பதற்காகக் கணவர் வைத்திருக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரே சீரான சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் கம்பிகளில் மீட்டரின் முனைகளை வைத்தேன். சின்னப் பெட்டிக்கு இரண்டு வோல்ட். பெரியதற்கு இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. பெரிய பெட்டி உரக்கப் பேசியிருக்கிறது. அந்த உரப்பைத்தான் ஏழு பேரும் தெளிவு என்று எண்ணியிருக்கிறோம். அதை எழுத்தில் வைத்தவள் நான்.

பெரிய பெட்டியில் ஒலியைக் குறைக்கத் தனித் திருகு உண்டு. மறுநாள், மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும்வரை அதைக் குறைத்தேன். பக்கத்துத் தோப்புகளின் போர்வெல் மோட்டார்கள் நிற்கும்வரை காத்திருந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கணவர் ஒவ்வொரு முறையும் காசு சுண்டிப் பார்த்து, பூவா தலையா விழுந்தபடி பெட்டியை மாற்றினார். இருபது முறை. பதினொன்று சரியாகச் சொன்னேன், ஒன்பது தப்பு.

"இத்தனய அந்தக் காசே சொல்லியிருக்கும்" என்றார் கணவர்.

புதன்கிழமை காலை வியாபாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவரைப் பற்றி எழுதுமுன் அவரைக் கேட்பது பழைய பழக்கம்.

"காதுல கேக்கறதுக்கு மீட்டரு எதுக்குங்க அம்மிணி? வெல்லம் இனிக்குதான்னு தராசுல போட்டா பாப்பீங்க?" என்றார்.

நீங்களும் வந்து கண்ணைக் கட்டிக்கொண்டு கேளுங்கள், என் சோதனை தப்பென்றால் அதையும் எழுதுகிறேன் என்றேன். வர மறுத்தார். நாலு பேர் முன்னால் தன் பெட்டியை இறக்கிப்போட வேண்டாம், பால்காரரிடம் மட்டும் தனியாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். கேட்க மரியாதையான வழிதான். ஆனால் என் தப்பு நாலு பேர் முன்னால் நடந்தது. தனியாகத் திருத்தினால் மற்ற இடங்களில் அது சரி என்றே உலவும். 'திருத்தம்' என்று தலைப்பிட்டு, பழைய குறிப்பின் அதே நீளத்தில் எழுதிப் போட்டேன். என்ன அளந்தேன், எப்படிக் கேட்டேன், எத்தனை சரி. என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் எழுதினேன். யார் காதுக்கும் தெரியாது என்று எழுதவில்லை.

அச்சு மிஷின் பக்கத்திலேயே கிடந்த காது, அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் எழுதினார். மிஷின் தரைத்தளத்தில், என் மேசை மூன்றாம் மாடியில் என்று பதில் போட்டேன். பெண்களுக்குக் குக்கர் விசில் கேட்டால் போதும் என்று இன்னொருவர். அதற்குப் பதில் போடவில்லை. திருத்தத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அரை மணி நேரத்தில் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.

அன்றே இரண்டு பெட்டிகளையும் மீட்டரையும் காரில் வைத்துக்கொண்டு மீனாட்சிபுரம் போனேன். பால்காரர் போனைப் பார்த்திருக்கவில்லை. சினை மாட்டைக் கழுவி, கொம்புக்கு எண்ணெய் பூசித் தனியாகக் கட்டியிருந்தார். விஷயத்தைச் சொல்லி, அவருடைய ஸ்பீக்கரிலேயே கேட்கச் சொன்னேன். முதலில் கோவிந்தாபுரத்தில் கேட்டது போலவே, திருகைப் பழையபடி ஏற்றிவைத்து. பெரிய பெட்டி எது என்று உடனே சொல்லிவிட்டார். பிறகு மீட்டரை அவர் கையிலேயே கொடுத்து, இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவரச் செய்தேன். அவருக்கு முதுகைக் காட்டி நின்று பெட்டியை மாற்றினேன். முதல் மூன்று முறை சட்டென்று சொன்னார், இரண்டு தப்பு. ஏழாவது முறை எழுந்துவந்து பாட்டை நிறுத்தினார்.

"நீங்க எழுதுனதப் படிச்சுத்தானுங்க்கா எனக்கு ஆசையே வந்துச்சு. இப்ப நீங்களே வந்து கெடுத்துப்போட்டீங்க."

முதலில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இதற்குக் கேட்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

"என்ற காது, என்ற மாடு. வாங்கோணும்னா வாங்கிக்குவனுங்க."

"வாங்குங்க. சத்தத்தச் சரி பண்ணிக் கேட்டுப்போட்டு வாங்குங்க."

வியாழக்கிழமை வண்டி வந்து வெறுமனே திரும்பியதாகத் தீவனக் கடையில் கணவர் கேள்விப்பட்டு வந்தார்.

சனிக்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். திருகை எங்கே இருந்ததோ அங்கேயே வைத்துவிட்டேன் என்று சொன்னேன். வியாபாரி காபி கொடுத்தார், மரியாதையில் குறை வைக்கவில்லை.

"அந்தத் திருத்தம் தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க அம்மிணி. நானே உங்களச் சேத்தர்றேன். நாளைக்கு எப்பவும் போல வாங்க."

"எந்த வரி தப்புன்னு சொல்லுங்ணா, எழுதிக் குடுக்கறேன்."

அவர் போனை எடுத்தார், திருத்தத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார், போனை வைத்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். மறுநாள் பத்து மணிக்கு வீட்டில் தனியாகப் பாட்டுக் கேட்டேன். அதற்கடுத்த ஞாயிறும்.

மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, பால்காரர் தூக்குப்போசியில் சீம்பால் கொண்டுவந்தார். மாடு கன்று போட்டிருந்தது, கிடாரி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கோவம் கொறையலீங்க்கா. பாலு வேற, கோவம் வேற" என்றார்.

சரி என்றேன். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அந்த மீட்டரு ரெண்டு நாளைக்கு வேணுமுங்க. ஞாயித்துக்கெழம கோவிந்தாபுரத்துக்கு எடுத்துட்டுப் போறேன்."

புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன்.