குடிபெயர்ந்த வைஃபை பெட்டி

எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் சாரை நினைத்தால், ஸ்கூட்டர் கண்ணாடிக் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய அவருடைய பழைய போன்தான் முதலில் கண்ணில் நிற்கிறது. ஞாயிறு தவறாமல் ஸ்ரீரங்கத்து வீதிகள், காந்தி மார்க்கெட் சந்துகள் என்று ஊர்வார். வீடுகளில் இருக்கும் வைஃபை பெட்டி ஒவ்வொன்றும் காற்றில் அனுப்பும் எண்ணை, அந்த போன் இடத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளும். அந்த எண்களை வைத்தும் நாம் நிற்கும் இடத்தை நம் போன் கண்டுபிடிக்கிறதாம். பெரிய கம்பெனிகள் அந்தப் பட்டியலைப் பூட்டி வைத்துக்கொண்டு, நாம் போகுமிடமெல்லாம் தெரிந்துகொள்கின்றன. அதனால் ஊர்க்காரர்களே சேர்ந்து, யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வேலையற்ற வேலை என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வோம். நான் கொஞ்சம் அதிகமாகவே செய்தேன்.

ஒரு திங்கட்கிழமை லேப்டாப்போடு ஓடி வந்தார். "டீச்சர், இதைப் பாருங்க. ஸ்ரீரங்கத்துல இருந்த பெட்டி ஒண்ணு எடமலைப்பட்டி புதூருக்கு வீடு மாறியிருக்கு! நம்ம பட்டியல் கண்டுபிடிச்சிருச்சு!"

திரையில் புள்ளி நின்றது நான் குடியிருக்கும் தெருவில். கணவரின் அடி தாங்காமல், வேலையையும் மாற்றிக்கொண்டு, மகளோடு நான் ஸ்ரீரங்கத்தை விட்டு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் இன்னும் எங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அது என் வீட்டுப் பெட்டி சார், வரும்போது எடுத்துட்டு வந்தது," என்றேன். "அது வந்த அட்டைப்பெட்டி எங்களைத் தேடிட்டிருக்கிற என் வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கு. அதுல இந்த நம்பர் ஒட்டியிருக்கும். பட்டியல்ல போட்டுப் பார்த்தா நாங்க இருக்கிற இடம் தெரிஞ்சிரும்."

சாரின் முகம் வெளிறிவிட்டது. லேப்டாப்பை மூடினார். "பட்டியலை வெள்ளிக்கிழமை வெளியிடறதா இருந்தோம். இனிமே வெளியிட மாட்டோம் டீச்சர்," என்றார்.

என் எண்ணை மட்டும் அழித்துவிட்டு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். "உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேரோ" என்று வேலை முழுவதையும் நிறுத்திவிட்டார். அவரோடு எண் சேகரித்த கூட்டாளிகள், "அப்ப நாமளும் பூட்டி வைக்கத்தானே போறோம்?" என்று சண்டைக்கு வந்தார்கள். இரண்டு பேர் விலகியே போனார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு விதியைப் புகுத்தினார்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகளின் எண்களைச் சேர்த்துச் சொன்னால்தான் பட்டியல் வாய் திறக்கும். கேட்டது யார் என்று குறித்தும் வைக்காது. அந்த இடத்தில் நிற்பவரின் போனுக்கு இரண்டும் கிடைக்கும். அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு எங்கோ இருப்பவருக்கு ஒன்றுதான் தெரியும். ஆசையாகக் கட்டியதை யாரோ ஒருத்திக்காகப் பிரித்துக் கட்டிய மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சார் இப்போது தொட்டியம் பக்கம் மாறிப் போய்விட்டார். அங்கேயும் ஸ்கூட்டரில் ஊர்வதாகக் கேள்வி. வேலை முடிந்த அன்று அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "உங்க நம்பரை நீங்களே போட்டுப் பாருங்க டீச்சர்," என்றது இன்றும் காதில் இருக்கிறது. போட்டேன். திரையில் ஒரே ஒரு சொல் வந்தது: "தெரியாது."

எங்கே இருக்கிறேன் என்று பதினோரு வருடம் மணிக்கொரு தரம் கணவருக்குப் போனில் பதில் சொல்லியே வாழ்ந்தவள் நான். ஸ்டாஃப் ரூம் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.