வெட்டிய குழியின் படம்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்கள். எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், அப்போது ஒரு கிறிஸ்தவ ஊழியக்காரருக்குப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். பைபிள் காலத்து ஊர்களைத் தோண்டியெடுத்தபோது பிடித்த படங்கள் அதில் இருந்தன. தெருமுனையில் அவற்றைப் பரப்பி, அந்த ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே ஆடு மாடு கட்டியதையும், பாறையைக் குடைந்து மழைத்தண்ணீர் சேர்த்ததையும் சொல்வார். எனக்கு இரண்டு வேளைச் சோறு. அவர்மேல் முழு நம்பிக்கை கிடையாது. உடைந்த சட்டிக்காக யார் மண்ணைத் தோண்டுவார்கள்?

பஸ் ஓடாததால் வடக்கனந்தலிலிருந்து கல்வராயன் மலைப் பக்கம் நடந்தோம். வழியில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதற்கப்பால் ரோட்டையே குறுக்கே வெட்டியிருந்தார்கள். போலீஸ் ஆள் விட்டு விசாரிக்கிறது என்று பேச்சு. அங்கே நின்ற ஆறேழு பேர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

மேலே இருந்த படமே எங்களைக் கவிழ்த்தது. நேராக வெட்டிய குழி, ஓரத்தில் அளவுகோல், பின்னால் மொட்டை மலை.

“நம்ம ரோடுதான்டா இது. அளந்து போட்டோ புடிச்சிக்கீறான்,” என்றான் ஒருவன்.

எருசலேம் பக்கம் எடுத்தது என்றார் ஊழியக்காரர்.

“அங்க இன்னாத்துக்கு வெட்றாங்க? அவங்களும் இடஒதுக்கீடு கேக்கறாங்களா?”

மற்ற படங்களைக் காட்டினார். அகல், பானை, மாவரைக்கும் கல். எல்லாம் அவர்கள் வீட்டுச் சாமான்போலவே இருந்ததால், வீடு வீடாகப் புகுந்து படம் எடுத்திருக்கிறோம் என்று முடிவுகட்டினார்கள். ஒருவன் தடியால் என் முழங்காலைத் தட்டிப் பார்த்தான்.

சாய்ந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரர் குழிப் படத்தை வாங்கி வெயிலில் பிடித்தார்.

“ரோடு இல்லடா இது. மேல தாரு எங்க, ஜல்லி எங்க? நாம வெட்டும்போது மம்மட்டி எப்டி எகிறுச்சி.”

எல்லோரும் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு எங்களை. அதுவரை எங்கள்மேல் வெறும் சந்தேகம். இப்போது வெட்டியது யார் என்று எங்களுக்குத் தெரியும்.

அடிக்கவில்லை. படங்களைத் திருப்பிக் கொடுத்து, கலவரம் ஓயும்வரை கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்கக்கூடாது என்றார்கள். இரண்டு பேர் மலையடிவாரம் வரை பின்னாலேயே வந்தார்கள்.

மலையில் மரவள்ளி பிடுங்கிப் பிழைத்தோம். பெட்டியை ஊழியக்காரர் திறக்கவே இல்லை. புதிதாக யார் வந்தாலும் என்னைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒருநாள் கிழங்கு உரித்தபடி, “யாராண்டயும் சொல்லலியே தம்பி?” என்றார்.

நானும் அவரிடம் அதையே கேட்க நினைத்திருந்தேன்.